சட்டகம் மாறினால் கடன் யாருடையது?

ஒரு பணியைச் செய்யும் முறை முழுவதும் மாற்றப்பட்ட பிறகும் அது அதே பணியாகத் தொடர்கிறதா என்பதும், தொடர்கிறதென்றால் அதில் எது தொடர்வதால் அப்படிச் சொல்லப்படுகிறது என்பதும், இந்தியத் தத்துவ மரபினர் பல நூற்றாண்டுகள் வாதிட்ட ஒரு பழைய கேள்வியின் இன்றைய வடிவங்கள். உடல், உயிர், வினை, வினைப்பயன் ஆகியவற்றைப் பற்றி அன்று கேட்கப்பட்டது, இன்று கணினி நிறுவனத்தின் உதவி மையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்கப்பட வேண்டியதாக இருக்கிறது. இரண்டு இடங்களிலும் அதைக் கேட்காமலேயே மாற்றங்கள் நடந்து முடிந்துவிடுகின்றன.

தகவல் தொழில்நுட்பச் சேவை மேலாண்மை என்பது, கணினியையும் வலையமைப்பையும் மென்பொருளையும் வெறும் பொருள்களாகப் பாராமல் அவற்றால் ஒருவருக்குக் கிடைக்கும் உதவியைச் சேவையாகக் கொண்டு, அந்தச் சேவை தடைபட்டால் யார் எவ்வளவு நேரத்துக்குள் சரிசெய்வது, ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் யாருடைய ஒப்புதலைப் பெறுவது, ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதன் மூலகாரணத்தை எங்கே தேடுவது என்பனவற்றை வரையறுக்கும் ஒழுங்காகும். இத்துறையில் மிகுதியாகப் பின்பற்றப்படுவது 'ஐடில்' எனப்படும் சட்டகம். பிரிட்டன் அரசின் மத்தியக் கணினி, தொலைத்தொடர்பு முகமை 1989இல் இதன் முதல் நூல்களை வெளியிட்டது. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, சேவையின் வாழ்வைத் திட்டம், வடிவமைப்பு, நடைமுறைக்குக் கொண்டுவருதல், இயக்கம், தொடர் மேம்பாடு என ஐந்து பருவங்களாகப் பிரித்தது. 2011இல் அது திருத்தப்பட்டபோது 26 செயல்முறைகளைக் கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் வெளிவந்த நான்காம் பதிப்பு இந்தப் பருவப் பிரிவை முதன்மை இடத்திலிருந்து நீக்கி, சேவை மதிப்பு முறைமை என்ற புதிய அமைப்பை நடுவில் வைத்து, செயல்முறைகளுக்குப் பதிலாக 34 நடைமுறைகளையும் அவற்றுக்கு மேலே ஏழு வழிகாட்டும் கொள்கைகளையும் நிறுத்தியது. செயல்முறை என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய படிகளின் வரிசை. நடைமுறை என்பதோ அந்தப் படிகளோடு ஆட்கள், கருவிகள், தகவல், கூட்டாளிகள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் குறிப்பது. மூன்றிலிருந்து நான்குக்கு மாறும் நிறுவனம் பதவிப் பெயர்களையும், பயிற்சிச் சான்றிதழ்களையும், பெரும்பாலும் மென்பொருள் கருவியையும் மாற்றுகிறது. இவ்வளவும் மாறிய பின் எஞ்சுவதைப் பழைய சேவை என்று எந்த உரிமையில் அழைப்பது?

பொருளின் மாற்றத்தைப் பற்றிச் சமணம் தந்த விடை இவ்விடத்தில் மிகவும் பயன்படுவது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், உள்பொருள் என்று சொல்லத்தக்க எதிலும் தோற்றம், கேடு, நிலைபேறு என்ற மூன்றும் ஒருங்கே இருக்கும் என வரையறுக்கிறது. இதை விளக்க ஆப்தமீமாம்சையில் சமந்தபத்திரர் ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுகிறார். பொற்குடம் ஒன்றை உருக்கி முடி செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், முடியை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை மட்டும் கருதியவன் இரண்டுமின்றி இருக்கிறான். மூவருடைய மனநிலைக்கும் காரணம் ஒரே நிகழ்ச்சி. மூவரில் எவரும் பொய்யை உணரவில்லை. சட்டகம் மாறும் அலுவலகத்திலும் இந்த மூவரைக் காணலாம். பழைய செயல்முறையை ஆண்டுக்கணக்கில் பழகித் தேர்ந்த ஊழியர் உண்மையாகவே ஒன்றை இழக்கிறார். புதியதைக் கொண்டுவர உழைத்தவர் உண்மையாகவே ஒன்றைப் பெறுகிறார். ஊழியரின் வருத்தத்தை 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று ஒதுக்கும் வழக்கம் மேலாண்மை நூல்களில் மிகுதி. சமந்தபத்திரரின் பார்வை அதைவிட நேர்மையானது.

ஆயினும் அந்த எடுத்துக்காட்டில் பொன் இருக்கிறது. எடை குறையாமல் குடத்திலிருந்து முடிக்குப் போகிறது. சேவையில் அப்படி ஒரு பொன் எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். கணினிகள் மாறுகின்றன, ஆட்கள் மாறுகிறார்கள், விதிகள் மாறுகின்றன. மாறாத மூலப்பொருள் என்று கையில் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. இந்த இடைவெளியை உருவத்தால் நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வரும். பெயர்கள், படிவங்கள், படிநிலைகள், அறிக்கை நாட்கள் ஆகியவை அப்படியே காக்கப்பட்டால் சேவையும் காக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்பது அந்த எண்ணம்.

அது போதாது என்பதைப் பெரம்பலூர் மாவட்டத்தில் கிடக்கும் ஒரு சான்று காட்டுகிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டறிந்து வெளியுலகுக்குத் தெரிவித்தார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைய கரையைத் தாண்டி மேற்கே பரவியிருந்த காலத்தில், வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலிலும் சேற்றிலும் புதைந்த மரம் அது. புதைந்த மரத்துக்குள் நீரோடு ஊடுருவிய சிலிக்கா, மரப்பொருள் சிதையச் சிதைய அதன் இடத்தைச் சிறிது சிறிதாக நிரப்பிக்கொண்டது. இழையின் அமைப்பு நின்றது, இழை போயிற்று. உருவத் தொடர்ச்சிக்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. எனினும் நீரை மேலேற்றுவதற்காக அமைந்த குழாய்களில் ஒரு துளி நீரும் ஏறாது. உதவி மையம் என்ற பெயரும், புகார் எண்ணும், மாதாந்திர அறிக்கையும் அப்படியே இருக்க, அழைத்தவருக்கு உதவி மட்டும் போய்ச் சேராத நிறுவனத்தை இந்தக் கல்மரத்தின் வகையில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. மரத்தைப் பொறுத்தவரை இதில் குறையொன்றும் இல்லை, அது யாருக்கும் எதையும் வாக்களிக்கவில்லை. சேவையோ வாக்களிப்பிலேயே பிறப்பது.

வாக்களிப்பு என்று வந்தவுடன் கேள்வி பொருளின் இயல்பிலிருந்து வினையின் இயல்புக்கு நகர்கிறது; இங்கே பௌத்தத்தோடு பிற சமயத்தார் நடத்திய வாதம் துணைக்கு வருகிறது. எல்லாம் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றுகின்றன என்னும் பௌத்தக் கொள்கையைக் கணபங்கவாதம் என்பர். சமண நூலாகிய நீலகேசியும், சைவத்தின் சார்பில் 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கமும் பௌத்தத்தோடு வாதிட்ட தமிழ் நூல்கள். இக்கொள்கைக்கு எதிராக இந்திய மரபு எழுப்பிய தடைகளில் இரண்டு முதன்மையானவை. வினை செய்தவன் மறுகணமே அழிந்துவிட்டால் அவன் செய்தது பயன் தராமல் கெடும். இதற்குக் கிருதநாசம் என்று பெயர். பயனை நுகர்பவன் புதிதாகத் தோன்றியவன் என்றால் அவன் செய்யாதது அவனை வந்து சேரும். இதற்கு அகிருதாப்பியாகமம் என்று பெயர். பௌத்தர் இதற்கு விடையின்றி நிற்கவில்லை. கணங்கள் தனித்தனியே சிதறிக் கிடப்பவை அல்ல, ஒன்று அடுத்ததற்குக் காரணமாகும் தொடராக, அதாவது சந்தானமாக, ஓடுகின்றன. எந்தத் தொடரில் வினை விதைக்கப்பட்டதோ அதே தொடரில் பயன் விளையும் என்றனர். சைவ சித்தாந்தம் இதை ஏற்கவில்லை. காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்னும் சற்காரியவாதத்தையும், வினையைச் செய்து பயனை நுகரும் நிலையான உயிரையும் அது வலியுறுத்தியது.

உயிரைப் பற்றி யார் சொன்னது சரி என்பதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு உயிர் கிடையாது. ஆகவே அதன் தொடர்ச்சிக்குச் சந்தானம் என்னும் பௌத்த விளக்கம் ஒன்றே பொருந்துகிறது. ஆனால் அந்த விளக்கம் பொருந்துவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்னது பட்ட கடன் பின்னதன் கணக்கில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அங்கே இருப்பது ஒரே தொடரன்று, பழையதன் இடத்தில் அமர்ந்த வேறொன்று. சட்டகம் மாறிய பின்னும் சேவை அதே சேவைதானா என்பதற்கு அளவுகோல் பெயரோ கருவியோ படிநிலையோ அன்று; தீர்க்கப்படாத கடமைகள் கடந்து வந்தனவா என்பதே.

கணினித் துறையில் இது மிகச் சாதாரணமான ஓர் இடத்தில் சோதிக்கப்படுகிறது. ஒருவர் கோளாறைத் தெரிவிக்கும்போது பதிவாகும் குறிப்பை ஊழியர்கள் டிக்கெட் என்பர். எவ்வளவு நேரத்துக்குள் தீர்க்கப்படும் என்ற உடன்பாட்டை எஸ்.எல்.ஏ. என்பர். புதிய சட்டகத்தோடு புதிய கருவியும் வரும் நாளில், பழைய கருவியில் நிலுவையாக நிற்கும் டிக்கெட்டுகளை அப்படியே கொண்டுவரலாம், குறிப்பிட்ட தேதிக்குப் பிந்தியவற்றை மட்டும் கொண்டுவரலாம், அல்லது அனைத்தையும் மொத்தமாக மூடிவிட்டு, தேவைப்பட்டவர்கள் புதிதாகப் பதிந்துகொள்ளலாம் என்று மின்னஞ்சல் அனுப்பலாம். மூன்றாவது வழி மலிவானது. அறிக்கையில் நிலுவை சுழியாகத் தெரியும். நாற்பது நாள் காத்திருந்தவரின் காத்திருப்பு அங்கே பயனின்றி அழிகிறது, எஸ்.எல்.ஏ. கடிகாரம் அவருக்கு முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. கிருதநாசம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மற்றத் தடையும் உடன்வருகிறது. காரணம் அறியப்பட்டும் இன்னும் நீக்கப்படாத கோளாறுகளின் பட்டியலை 'அறியப்பட்ட பிழைகள்' என்று ஐடில் வைத்திருக்கச் சொல்கிறது. அப்பட்டியல் கைமாறாமல் போனால், புதிதாகப் பொறுப்பேற்ற ஊழியர் தாம் செய்யாத பிழைக்கு ஒவ்வொரு முறையும் வசை வாங்குகிறார். இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நான்காம் பதிப்பின் ஏழு கொள்கைகளில் ஒன்று. பழையதில் பயன்படுவதைத் தூக்கியெறியாதே என்ற சிக்கன அறிவுரையாக மட்டும் அதைப் படிப்பது குறைவான வாசிப்பு. இருக்கும் இடத்தில் பட்ட கடனும் இருக்கிறது.

கணினி நிறுவனத்தில் இழப்பு சில நாட்களோடு போகலாம். நிலப் பதிவேட்டில் அது தலைமுறைகளுக்கு நீளும். எடுத்துக்காட்டாகப் பாடாலூரைக் கொள்ளலாம்: அது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் இடையே, பெரம்பலூர் மாவட்டத்து ஆலத்தூர் வட்டத்தில் உள்ள ஊர். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிப் பகுதியைச் சேர்ந்தது. இங்குள்ள உழவர் பயிர்க்கடனுக்கோ பயிர்க் காப்பீட்டுக்கோ போனால் பட்டாவும் அடங்கலும் கேட்கப்படும். பட்டா என்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த் துறை ஆவணம். அடங்கல் என்பது எந்தப் புலத்தில் எந்தப் பயிர் நிற்கிறது என்று காட்டும் கிராமக் கணக்கு. இவற்றைக் காத்துவந்த சட்டகம் ஒரே தலைமுறையில் பலமுறை மாறியிருக்கிறது.

1979க்கும் 1987க்கும் இடையில் தமிழ்நாட்டு அரசு நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை நடத்தியது. மக்கள் நாவில் அது 'யு.டி.ஆர்.' என்றே வழங்குகிறது. பழைய பதிவேட்டில் இறந்துபோனவர்கள் பெயரிலும் கைமாறிய நிலங்களிலும் தேங்கியிருந்த விவரங்களைக் களத்தில் சரிபார்த்து, அப்போதைய அனுபோகத்துக்கு ஏற்பப் புதுப்பித்துப் பட்டா வழங்குவது அதன் நோக்கம். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பர் 14ஆம் நாள் மணியக்காரர், கர்ணம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை அரசு ஒழித்தது. அவ்வேலைகளைச் செய்யக் கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி வந்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் இந்த ஒழிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பதிவேடு புதுப்பிக்கப்படுவதும் பதிவேட்டைக் காப்பவர் மாறுவதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. பின்னாளில் அந்தப் பதிவேடே கணினிக்கு ஏறி, 'தமிழ் நிலம்' மென்பொருளாகி, இ-சேவை மையத்தில் கிடைக்கும் தாளாக ஆயிற்று. கணினி, தனக்குத் தரப்பட்டதை உண்மையாக எடுத்துக்கொண்டது. யு.டி.ஆர். காலத்தில் ஒரு கைப்பிழையால் பக்கத்துப் புலத்துக்காரர் பெயர் ஏறியிருந்தால், அல்லது ஒரு சகோதரர் பெயர் விடுபட்டிருந்தால், அந்தப் பிழை இன்று அச்சிட்ட எழுத்தின் தெளிவோடு வெளிவருகிறது. பேரன் செய்யாத பிழை பேரனைச் சேர்வதற்கு அகிருதாப்பியாகமம் என்பதைத் தவிர வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

மாவட்ட எல்லையும் இடையில் மாறிக்கொண்டிருந்தது. ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. 1994இல் அரியலூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் மாவட்ட அளவில் ஒரு மனுக் கொடுத்து அது தீராமலே இருந்திருந்தால், அவர் ஊரைவிட்டு நகராமலே அவருடைய மனு திருச்சி, பெரம்பலூர், அரியலூர், பெரம்பலூர், அரியலூர் என ஐந்து முறை இருப்பிடம் கண்டிருக்கும். பாடாலூர் பெரம்பலூரோடே நின்றதால் அலைச்சல் சற்றுக் குறைவு. இத்தனை மாற்றத்துக்கும் நடுவே தொடர்ச்சியைக் காக்க வருவாய்த் துறையிடம் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது, இன்னும் இருக்கிறது: ஜமாபந்தி. ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டு முடியும் தறுவாயில், வட்டத்திலுள்ள ஒவ்வொரு கிராமத்தின் கணக்குகளும் கொண்டுவரப்பட்டுத் தணிக்கை செய்யப்படுகின்றன, மக்களின் மனுக்களும் பெறப்படுகின்றன. அலுவலர் மாறினாலும் கணக்கு யாரிடமிருந்து யாருக்கு எந்த நிலையில் கைமாறுகிறது என்பதை ஊரறிய ஒப்புக்கொள்ளச் செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு இணையாக ஐடிலின் 34 நடைமுறைகளில் ஒன்றைக்கூடத் தனியே காட்ட முடியாது. தொடர் மேம்பாடு என்ற நடைமுறை அருகில் வருகிறது, ஆனால் அது வருங்காலத்தை நோக்கியது.

எல்லாக் கடனும் கடந்து வர வேண்டும் என்றால் எதையும் ஒழிக்கவே முடியாதே என்ற தடை இங்கே எழும். அது வலுவான தடை. 1980இல் ஒழிக்கப்பட்டவர்களும் தங்களுக்கு ஓர் உரிமை உண்டு என்றுதான் நீதிமன்றம் போனார்கள். பெரும்பாலும் குடும்ப வழியாக வந்து, ஊரின் ஆதிக்கச் சாதிகளிடம் நிலைத்திருந்த பதவிகள் அவை. ஒடுக்கப்பட்டவர்கள் தம் நிலத்தைப் பற்றிய ஒரு வரியைப் பார்க்க அந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டியிருந்தது. அந்தத் தொடரை அறுத்தது நீதி. ஆகவே ஒரு வேறுபாடு தேவைப்படுகிறது: சேவை செய்தவர் தமக்கென்று சேர்த்துக்கொண்ட பாத்தியதை ஒருவகை, சேவை பெற வேண்டியவருக்குத் தரப்பட்ட வாக்கு மற்றொரு வகை. முன்னதைச் சட்டகம் மாறும்போது விட்டுவிடலாம், பல நேரம் விட்டே ஆக வேண்டும். பின்னதை விட முடியாது. கர்ணத்தின் பதவி போகலாம். கர்ணத்திடம் கொடுத்த மனு போகக் கூடாது. கணினி நிறுவனங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: பதவிப் படிநிலைகள் புதிய பெயரில் பத்திரமாகக் குடியேறுகின்றன, நிலுவை டிக்கெட்டுகள் மூடப்படுகின்றன.

நான்காம் பதிப்பு கொண்டுவந்த மாற்றங்களில் ஆழமானது இன்னொன்று உண்டு. மூன்றாம் பதிப்பின் நோக்கில், வாடிக்கையாளருக்கு மதிப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பது சேவை. நான்காம் பதிப்பின் நோக்கில், கொடுப்பவரும் பெறுபவரும் கூடி மதிப்பை உருவாக்குவதற்கு வழிசெய்வது சேவை. இரண்டுமே, குறிப்பிட்ட செலவையும் இடரையும் பெறுபவர் தலையில் சுமத்தாமல் இருப்பதைச் சேவையின் இலக்கணத்தில் வைத்திருக்கின்றன. பெறுபவரையும் செயலுடையவராக மதிக்கும் இந்தத் திருப்பம் வரவேற்கத்தக்கது. ஆனால் பெறுபவர் எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கேள்வி அதோடு வருகிறது. காவிரிக் கரையில், திருவரங்கத்தைச் சூழ்ந்து வளர்ந்த வைணவம் அதை ஏற்கெனவே தீவிரமாக ஆராய்ந்திருக்கிறது.

இராமானுசருக்குப் பின் வந்த ஆசாரியர்களில் வேதாந்த தேசிகரைப் பின்பற்றியோர் வடகலையாகவும், பிள்ளை லோகாசாரியர் வழியில் நின்றோர் தென்கலையாகவும் பிரிந்தபோது, இறைவன் அருளுக்கு உயிரின் முயற்சி எவ்வளவு வேண்டும் என்பது பிரிவின் மையங்களுள் ஒன்றாயிற்று. தாயின் வயிற்றைக் குட்டி தானே பற்றிக்கொள்ளும் குரங்கின் நெறியை, அதாவது மர்க்கட நியாயத்தை, வடகலைக்கும், குட்டியைத் தாயே வாயில் கவ்விச் செல்லும் பூனையின் நெறியை, அதாவது மார்ச்சார நியாயத்தை, தென்கலைக்கும் உரியதாகச் சொல்வர். இரு தரப்பின் நுண்ணிய விளக்கங்கள் இந்த எளிய எதிர்நிலைக்குள் அடங்காதவை என்றாலும், இதில் கவனிக்க வேண்டிய ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. குரங்கின் நெறியிலும் கிளைக்குக் கிளை தாவுவது தாய்தான். குட்டி பற்றிக்கொள்கிறது, அவ்வளவே அதன் பங்கு. உயிரிடம் எவ்வளவு முயற்சியைக் கோரினாலும், கடத்திச் செல்லும் பொறுப்பைத் தாயிடமிருந்து எந்தத் தரப்பும் எடுத்துவிடவில்லை.

கூடி உருவாக்குதல் என்ற கொள்கை நடைமுறையில் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. விண்ணப்பதாரரே இணையத்தில் விவரங்களைப் பதிகிறார், ஆவணங்களை ஏற்றுகிறார், தவறு நேர்ந்தால் அது அவர் பதிந்த தவறாகிறது. படிக்கவும் தட்டச்சு செய்யவும் தெரிந்தவருக்கு இது விடுதலை. தெரியாதவருக்கு இ-சேவை மையத்தில் வேறொருவர் தட்டச்சு செய்ததன் விளைவு தம்மைச் சேர்வது. யு.டி.ஆர். பிழையைத் திருத்தக் கோருபவரின் நிலை இன்னும் கடினம். அவ்வகைப் பிழைகளை விசாரித்துத் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலருக்கு இருக்கிறது. அரசு அந்த வழியைத் திறந்து வைத்திருப்பதே, 1987இல் முடிந்த வேலையின் கடன் இன்னும் தன்னுடையது என்று அது ஒப்புக்கொள்வதாகும். சந்தானம் அறுபடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கேட்க முடியாது. ஆனால் விசாரணைக்கு வருபவரிடம் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலும் எதிர்பார்க்கப்படுகின்றன. அ-பதிவேடு என்பது ஒவ்வொரு புல எண்ணின் பரப்பும் வகையும் உடைமையும் எழுதப்பட்ட கிராமத்தின் அடிப்படைப் பதிவேடு. முதலிரண்டையும் உழவர் தேடலாம். மூன்றாவது அவர் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. அதை எழுதியதும், மாற்றியதும், காப்பறையில் வைத்திருப்பதும் வருவாய்த் துறை. மனு வந்த நாளிலேயே அந்தப் பழைய ஏட்டை எடுத்துப் புதியதோடு ஒப்பிட்டு, பெயர் எந்த ஆணையால் மாறியது, ஆணையே இல்லாமல் மாறியதா என்று தேடிச் சொல்ல வேண்டியது அலுவலகம்; ஆலத்தூர் வட்டத்து உழவர் அதற்காக விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நாள் குறித்து வந்து நிற்க வேண்டிய தேவை இல்லை.